பிணம் விட்ட உதை

பவளாயி என்கிற சாணி வண்டு, காட்டெருமைச் சாணத்தை உருண்டையாக்கி வேகவேகமாக உருட்டிக்கொண்டு போனாள். நேற்றுதான் மழை பெய்திருந்தது. வெயில் ஏறி மண் இறுகுவதற்குள் குழி தோண்டி, உருண்டையைப் புதைத்து, அதில் முட்டையிட வேண்டும். வயிற்றில் மிச்சமிருந்தது ஒரே ஒரு முட்டை. இன்று தவறினால் அவ்வளவுதான்!

“ஏ பவளாயி, ஓணான் வருது!” என்று புல்லிலிருந்து ஒரு வெட்டுக்கிளி கத்தியது. கத்திய சூட்டோடு தாவி ஓடியும் போனது.

பவளாயியின் மூளை கடுகில் பாதிகூட இருக்காது. ஆனால் அதிகாரத்துக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. “அசையாதே!” என்று உத்தரவு போட்டது. ஆறு கால்களும் மடங்கின. பவளாயி மல்லாந்து கிடந்தாள். ஓணானுக்கு அசைகிற பூச்சிதான் கண்ணில் படும். கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு அது சலித்துப்போய் நகர்ந்தது.

“பார்த்தியா என் சாமர்த்தியத்தை!” என்று மூளை பீற்றிக்கொண்டது. “இனிமே எது வந்தாலும் இதே உத்தரவுதான்!”

அடுத்து வந்தது கட்டெறும்புக் கூட்டம்.

“அசையாதே!” என்றது மூளை.

அட கூறுகெட்ட மூளையே! எறும்பு தேடி அலைவதே செத்த பூச்சியைத்தானே!

“மேஸ்திரியக்கா! நல்லாக் கொழுத்த பிணம்!”

“அப்புறம் என்னடி வேடிக்கை? ஆளுக்கொரு காலைப் பிடிங்க! இழுங்க!”

இழுத்தார்கள். பவளாயியின் முதுகு கல்லில் உரசியது.

“மூளையே, என்னை இழுத்துக்கிட்டுப் போறாங்க!”

“மூச்! ஓணானே ஏமாந்துபோச்சு. இதுங்க எம்மாத்திரம்? பேசாமக் கிட!”

அப்போது மேஸ்திரி எறும்பு சொன்னது: “நாலு பேர் போய் அந்த உருண்டையை உடைங்கடி! உள்ளே புழு இருந்தாலும் இருக்கும்!”

பவளாயி மூளையை அதட்டினாள். “உடைக்கவா? விடமாட்டேன்! மூளையே, பயந்தது போதும்! வந்திருக்கிறது யாருன்னு ஒரு தடவை பார்!”

மூளை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தது. “ஐயையோ, எறும்பா! எழுந்திரு, எழுந்திரு!”

மடங்கிய கால்கள் சட்டென்று விரியுமா? மரக்கட்டையாக விறைத்திருந்தன. பவளாயி விடவில்லை. “ஒரு காலாவது அசையட்டும்! ஒரே ஒரு கால்!” என்று பல்லைக் கடித்துக்கொண்டு முக்கினாள். பின்னங்கால் ஒன்று லேசாகத் துடித்தது. மறுபடி முக்கினாள். அது நீண்டது. விட்டாள் ஓர் உதை!

“மேஸ்திரியக்கா! பிணம் உதைக்குது!”

“ஓடுங்கடி!”

மற்ற கால்களும் ஒவ்வொன்றாக விரிந்தன. புரண்டு எழுந்து, உருண்டையை விட்டு ஓடாத நாலு எறும்புகளை முன்னங்காலால் வாரி எறிந்தாள். ஒரு காலின் நுனி எறும்பின் வாயோடு போய்விட்டது. போனால் போகட்டும் என்று மிச்சக் கால்களால் உருண்டையை உருட்டினாள். மண் மேலே இறுக ஆரம்பித்திருந்தது. முட்டி முட்டித் தோண்டினாள். உருண்டையைப் புதைத்தாள், முட்டையிட்டாள், மண்ணைத் தள்ளி மூடினாள்.

வெளியே வந்து நிமிர்ந்தபோது எதிரே ஒரு நிழல் ஆடியது.

“யாரது?” என்று மூளை முதலில் கேட்டது.

“ஓணான்!”

“அப்படின்னா அசையாதே!”

பவளாயி மல்லாந்து படுத்தாள். வலித்த காலைக்கூட அவள் அசைக்கவில்லை. ஓணான் பார்த்தது, போய்விட்டது.

ஒரு தடவை காப்பாற்றிய வழியே எல்லா ஆபத்துக்கும் போதும் என்று இருப்பவர், எதிரே வந்திருப்பது யாரென்று பார்க்கும் முன்பே பாதி தோற்றுவிடுகிறார்.