அழுகை பத்தாது

நாடகத்துறையில் முதுகலைப் பட்டம் வேண்டுமென்றால் கடைசியில் சொந்தமாக ஒரு நாடகம் போட்டுக் காட்ட வேண்டும். மதிப்பெண் போட வெளியூரிலிருந்து வருகிறவர் டாக்டர் வைகுண்டமூர்த்தி. முன்வரிசை சோபாவில் சாய்ந்தால் ஐந்தாவது நிமிஷம் குறட்டைதான். கைதட்டல் கேட்டு விழித்ததும் மைக்கைப் பிடித்து, "கடைசிக் காட்சியில் அழுகை பத்தாது" என்பார். போன வருஷம் அப்படி மூன்று பேர் ஃபெயில். அதில் ஒருவர் போட்டது சிரிப்பு நாடகம்.

இந்த வருஷம் இசக்கியம்மாளின் முறை.

"என் கண்ணுக்குக் குறை தெரியாத நாடகம் இன்னும் பிறக்கவில்லை, தெரியுமா?" என்று மீசையை நீவினார் டாக்டர்.

"தெரியும் சார். தாராளமா மைக்கிலேயே சொல்லுங்க" என்றாள் அவள் பணிவாக.

மூடிய திரைக்கு முன்னால் நின்று வரவேற்புரையைத் தொடங்கினாள். டாக்டர் வாங்கிய விருதுகளை ஒவ்வொன்றாக வாசித்தாள். ஒன்பதாவது விருதில் குறட்டை கிளம்பியது. உடனே தோழி ஒருத்தி போய் அவர் தோளில் பொன்னாடையைப் போர்த்தினாள். அரங்கமே கைதட்டியது.

திடுக்கிட்டு விழித்த டாக்டர் மைக்கை வாங்கினார். "நாடகம் பரவாயில்லை. ஆனால், கடைசிக் காட்சியில் அழுகை பத்தாது!"

"கூட்டிடுறேன் சார்" என்றாள் இசக்கியம்மாள். "இனிமேதான் நாடகமே ஆரம்பம்."

அரங்கம் சிரித்து அடங்க வெகுநேரமானது. அன்றைக்கு டாக்டர் கண்ணை இமைக்காமல் கடைசிவரை பார்த்தார். திரை விழுந்ததும் இசக்கியம்மாளே மைக்கை நீட்டினாள். "குறை ஏதாவது உண்டா சார்?"

"நாடகத்தில் ஒன்றுமில்லை" என்றார் டாக்டர். "வரவேற்புரைதான் கொஞ்சம் நீளம்."