கறுத்த பஞ்சு

ஒரு ஊரில் என்று இழுப்பானேன், ஊர் அம்பத்தூர்தான். அங்கே தையல் வேலை செய்யும் வசந்தகுமாரி வீட்டில் ஓர் ஆஸ்கார் மீன் இருந்தது. அதன் முன்னோர்கள் அமேசான் ஆற்றுக்காரர்கள். அதற்கோ நாலடிக் கண்ணாடித் தொட்டிதான் உலகம். வசந்தகுமாரியின் கையைக் கண்டால் ஓடிவந்து விரலை முட்டும். வேறு யார் கை என்றாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், அவ்வளவு ரோஷம்.

தொட்டி மூலையில் ஃபில்டருக்குள் ஒரு பஞ்சு. தண்ணீரெல்லாம் அதன் வழியாகத்தான் போய்வரும். கறுத்து, வழவழத்துக் கிடந்தது.

"உன்னைப் பார்த்தாலே குமட்டுது," என்றது மீன்.

"எல்லாம் உன் அழுக்குதான்ப்பா. கண்ணுக்குத் தெரியாத கோடி உயிருங்க எனக்குள்ள குடியிருக்கு. உன் கழிவு விஷமாகாம அதுங்கதான் தின்னு தீர்க்குது."

"பெரிய பேச்சு! நாலு பேர் பார்க்க வர்றது என்னைத்தான்."

பஞ்சு மறுக்கவில்லை. உண்மையும் அதுதானே.

ஆயுத பூஜை வந்தது. வசந்தகுமாரி தையல் மிஷினைத் துடைத்தாள், கத்தரிக்கோலைக் கழுவினாள், மிக்சிக்கும் பொட்டு வைத்தாள். ஒன்றைக் கழுவினால் இன்னொன்று கண்ணை உறுத்தும். தொட்டிப் பக்கம் திரும்பினாள்.

"ஐயோ, என் செல்லத்தை இந்த அழுக்குலயா வெச்சிருக்கேன்!"

பஞ்சை உருவிச் சோப்புத்தூளில் ஊறவைத்து, நுரை அடங்கும்வரை குழாயடியில் பிழிந்தாள். "வேணாம்மா, வேணாம்மா," என்று அது கதறியது. பஞ்சின் குரல் யார் காதில் விழும்? தொட்டிக் கண்ணாடிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, பஞ்சைத் திரும்பப் பொருத்தினாள்.

மீனுக்குப் பெருமை தாங்கவில்லை. "இப்பதான் நீ பார்க்கற மாதிரி இருக்க," என்றது.

"இப்ப எனக்குள்ள யாருமே இல்லப்பா," என்றது வெளுத்த பஞ்சு.

மூன்றாம் நாள் மீன் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. செவுள் எரிந்தது. "அண்ணே, எப்படியாவது காப்பாத்துண்ணே."

"எதை வெச்சுடா காப்பாத்துவேன்?" பஞ்சு அழுதது.

ஐந்தாம் நாள் அந்தத் தெரிந்த கை தண்ணீருக்குள் வந்தது. மீன் விரலை முட்டப் பார்த்தது, முடியவில்லை. அந்தக் கையிலேயே உயிரை விட்டது.

வசந்தகுமாரிக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பக்கத்து வீட்டுக் கஸ்தூரி வந்து தேற்றினாள். "உனக்கு வர இருந்த கண்டத்தை அது வாங்கிக்கிச்சு, அழாதடி. வேற ஒண்ணு வாங்கி விடு."

கொளத்தூர் வண்ணமீன் சந்தையிலிருந்து விரல் நீள ஆஸ்கார் குஞ்சு ஒன்று வந்தது. "உன்னையாவது நல்லா பார்த்துக்கறேன்டா தங்கம்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள் வசந்தகுமாரி. பிறகு பஞ்சை எடுத்து, கொதிக்கிற வெந்நீரில் போட்டாள்.