செலின் ஓடிய கோடு

மங்கலான படங்களை ஆராய்கிற பேராசிரியர் வித்யாவதிக்கு நாற்பது வயது. அவருடைய மாணவர் சவரிராயனுக்கு ஐம்பத்து மூன்று. கல்லூரியில் தமிழ் கற்பித்துக்கொண்டே, படங்களிலும் இலக்கியத்திலும் மங்கல் என்னவாக இருக்கிறது என்று ஐந்து வருடமாக அவரிடம் ஆய்வு செய்துவந்தார். ஆசிரியை மாணவரை 'சார்' என்பார். மாணவர் ஆசிரியையை 'மேடம்' என்பார். துறையில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

கல்லறைத் திருநாளுக்கு மறுநாள் காலை சவரிராயன் ஆய்வகத்துக்கு வந்தார். துணிப்பையிலிருந்து சட்டம் போட்ட படம் ஒன்றை எடுத்து மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"கடைசி இயலோட வருவீங்கன்னு பார்த்தேன். படச்சட்டக் கடை வச்சிட்டீங்களா சார்?"

அவர் சிரிக்கவில்லை.

வித்யாவதி படத்தைத் திருப்பினார். நான்கு வயதுப் பெண் குழந்தை. இமைமுடிகூட எண்ணிவிடலாம் போலிருந்தது.

"செலினா?"

"செலின்னு நினைச்சுத்தான் சட்டம் போட்டேன்."

செலின் அவருடைய மகள். இருபத்தாறு வருடங்களுக்கு முன் காய்ச்சலில் இறந்துபோனாள். அவளை எடுத்தது ஒரே ஒரு படம். அதில் மாதா கோயில் கதவும் படிகளும் தெளிவாக இருக்கும். எடுக்கிற நேரத்தில் அவள் அசைந்துவிட்டதால் அவள் மட்டும் கலங்கியிருப்பாள். அந்தப் படம்தான் அவரை இந்த ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தது. அதற்காகத்தான் வந்தேன் என்று அவர் சொன்னதில்லை. வித்யாவதியும் கேட்டதில்லை.

"நம்ம ஆய்வகக் கணினியில இருக்கிற கருவியிலதான் தெளிவாக்கினேன் மேடம். பதினோரு நாள் ஆச்சு. இந்த வருஷமாவது கல்லறைக்கு முகம் தெரியற படமா கொண்டுபோகணும்னு."

"வீட்டுல என்ன சொன்னாங்க?"

"பெத்தவ ஆச்சே, ஆரோக்கியம் ரொம்ப நேரம் பார்த்தா. 'யார் வீட்டுப் பிள்ளை இது'ன்னு கேட்டா. அப்புறம் மெழுகுவர்த்தியை எடுத்துக்கிட்டுத் தனியாவே போயிட்டா."

வித்யாவதி படத்தை மறுபடி கவிழ்த்தார்.

"அதுகூடப் பரவாயில்லை. பழைய படத்தை எடுத்துப் பார்த்தேன். அதுக்குள்ளயும் இப்ப இந்தப் பிள்ளைதான் தெரியுது. கண்ணை மூடினாலும் இதுதான் வருது. இத்தனை வருஷம் வந்த முகம் வரமாட்டேங்குது. அதை எப்படித் திரும்ப எடுக்கிறது மேடம்?"

"எடுக்க முடியாது சார்."

அவர் நிமிர்ந்தார்.

"ஒருமுறை தெளிவா பார்த்துட்டா, அப்புறம் மங்கல்லயும் கண்ணு அதைத்தான் பார்க்கும். மூணாவது இயல்ல நீங்கதான் எழுதியிருக்கீங்க."

"எழுதினேன். மத்தவங்க கண்ணைப் பத்தின்னு நினைச்சு எழுதினேன்."

"இந்தக் கண்ணும் மூக்கும் யாரோடதுன்னும் உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். கருவி பார்த்துப் பழகின ஆயிரக்கணக்கான பிள்ளைங்களோடது. தெரியாத இடத்தை எல்லாம் அவங்களை வச்சு நிரப்பிடும்."

"தெரிஞ்சும் ஏன் சார் நிறுத்தலை?"

"முதல்ல கண்ணு வந்துச்சு மேடம். அதுக்கப்புறம் நிறுத்த முடியலை."

வெளியே மாணவர்கள் பேசிக்கொண்டு போனார்கள். சவரிராயன் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அப்ப எம் பிள்ளை எங்க மேடம்?"

வித்யாவதி கணினியில் அவருடைய கோப்புகளைத் திறந்தார். படங்கள் எதையும் தொடவில்லை. கடைசியில் கிடந்த சின்னக் கோப்பு ஒன்றைச் சொடுக்கினார். கறுப்புக் கட்டம் ஒன்று திரையில் வந்தது. நடுவில் வெள்ளையாக, நகம் கீறினதுபோல ஒரு கோடு. ஒரு முனையில் லேசாக மேலே வளைந்திருந்தது.

"இது என்ன சார்?"

"நகர்வுத் தடம். கேமரா திறந்து மூடுற நேரத்துல அவ அசைஞ்ச வழி. கருவி முதல்ல இதைக் கண்டுபிடிச்சுப் பிரிச்செடுத்துடும். எடுத்தாத்தான் முகம் தெளியும். கழிவு மேடம் இது."

"எந்தப் பக்கம் அசைஞ்சா?"

"அது கோட்டுல தெரியாது. இடமிருந்தும் போயிருக்கலாம், வலமிருந்தும் வந்திருக்கலாம். கருவியால சொல்ல முடியாது."

"உங்களால?"

சவரிராயன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலது பக்கம். ஆரோக்கியம் அங்கதான் நின்னா, படத்துக்கு வெளிய. அசையாதே அசையாதேன்னு நான் கத்தறேன். பிள்ளை அம்மாகிட்ட ஓடிட்டா. முதல் படியில தாவினா." வளைந்திருந்த முனையில் விரல் வைத்தார். "இந்த இடம்."

"ஆய்வுக்காக எத்தனை ஒப்பாரிப் பாட்டு சேகரிச்சீங்க சார்?"

"நூத்தி எழுபது."

"செத்தவங்க முகம் இப்படி இருந்துச்சுன்னு எத்தனையில பாடறாங்க?"

"நாலுல."

"மத்ததுல?"

"தெரு முனையில திரும்பினது. குனிஞ்சு வாசல் நுழைஞ்சது. கை கழுவிட்டு உதறினது."

வித்யாவதி கோட்டைத் தாளில் அச்செடுத்தார். சட்டத்தின் பின்பக்க ஆணிகளைக் கழற்றி, உள்ளேயிருந்த முகத்தை உருவினார். அந்த இடத்தில் தாளை வைத்து மூடி அவரிடம் நீட்டினார்.

அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"இது போதாது மேடம்."

"போதாதுதான் சார்," என்றார் வித்யாவதி. "ஆனா இதுல வேற எந்தப் பிள்ளையும் கலக்கலை."