லாஸ்ட் டிராமின் ஒற்றை மைக்

மூன்று பேர், ஒரு மைக். கதை அவ்வளவுதான். ஆனால் தீர்ப்புச் சொல்வது அத்தனை சுலபமில்லை, அவசரப்படாமல் கேளுங்கள்.

மெல்பர்ன் நகரத்தில் ‘லாஸ்ட் டிராம்’ என்றொரு ராக் குழு இருந்தது. சின்ன வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து அங்கே போய்ச் சேர்ந்த வசீகரன் தொடங்கிய குழு. பெயர் வைத்தவன் அவன், பாட்டெழுதியவன் அவன், பாடியவனும் அவன்தான். டிரம்ஸ் அடித்தவள் அவனுடைய சித்தப்பா மகள் தர்ஷிகா. கிட்டார்காரர்களைப் பற்றிக் கேட்காதீர்கள். வந்தார்கள், கல்யாணம் கட்டினார்கள், பெர்த் பக்கம் வீடு மாறிப் போனார்கள். முதல் நாளிலிருந்து இடம் மாறாமல் உட்கார்ந்திருந்தவள் தர்ஷிகா ஒருத்திதான்.

ஆள் மாறிக்கொண்டே இருந்ததால் அந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டாயிற்று. போகிறவர், தன் இடத்துக்கு வருகிறவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, எல்லாப் பாட்டையும் சொல்லிக்கொடுத்த பிறகே போக வேண்டும். என்ன மனஸ்தாபம் இருந்தாலும் இதை மட்டும் யாரும் மீறுவதில்லை. மீறியவன் ஒருவன்தான், அதுவும் வசீகரன்! தனியாகப் பாடினால் பெரிய ஆளாகலாம் என்ற ஆசை வந்தது. வாய்ச்சண்டை முற்றியது. ஜீலோங் சாலையில் வேனை நிறுத்தச் சொல்லி, இறங்கி நடந்துவிட்டான். தர்ஷிகாவுக்கு மனசு கேட்கவில்லை. பின்னாலேயே ஓடினாள்.

“நீங்கள் எப்ப திரும்பி வந்தாலும் மைக் உங்களுக்குத்தான், வசி அண்ணா!”

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் காதில் வாங்கிக்கொண்டான்.

அவனுக்குப் பின் வந்த பாடகர்கள் நிலைக்கவில்லை. கூட்டம் கொஞ்சம் குறைந்தால் போதும், மற்றவர்கள் கூடிப் பேசிப் பாடகரை மாற்றிவிடுவார்கள். அதனால்தான் பாலரட் ஊரிலிருந்து அடுத்த பாடகியாக வந்த ஏமி, கையிலிருந்த தாதி வேலையை விடுவதற்கு முன் தர்ஷிகாவிடம் நேராகவே கேட்டாள்.

“என்னையும் ஒருநாள் இறக்கிவிடுவீர்களா?”

“நான் டிரம்ஸில் உட்கார்ந்திருக்கும்வரை உன் மைக்கை எடுத்து யாருக்கும் கொடுக்க மாட்டேன்” என்றாள் தர்ஷிகா.

பழைய வாக்கு அவளுக்கு மறந்துவிட்டதா? இல்லை. வசி இனி எங்கே வரப்போகிறான் என்று நினைத்துவிட்டாள். நாமும் அப்படித்தானே நினைத்திருப்போம்!

சொல்லிக்கொடுக்க வேண்டிய வசி போய்விட்டதால், அவனுக்குப் பின் வந்தவர்களைப் போல ஏமியும் பழைய இசைத்தட்டுகளைக் கேட்டே பாடம் செய்தாள். குழுவுக்குப் பெயர் வாங்கித் தந்தது ‘ஈரத் தண்டவாளம்’ என்ற பாட்டு. அதன் மூன்றாம் அடியில் வசியின் குரல் ஒரு கணம் அடைத்துத் திறக்கும். பதிவு செய்த அன்று அவனுக்குக் கடும் தடிமன், சளி தொண்டையை அடைத்திருந்தது. மறுபடி பாட ஸ்டூடியோ கிடைக்காமல் அப்படியே விட்டுவிட்டார்கள். ஏமி அதையும் பாட்டின் பகுதி என்றே எண்ணி அந்த அடைப்போடு பாடினாள். கூட்டமும் அப்படியே கூடப் பாடப் பழகியது. பீர் வாடை வீசும் மதுக்கூடங்களில் வருடக்கணக்காகத் தொண்டை கிழியப் பாடினாள். அப்படியும் “பழைய பாடகன் எங்கே?” என்று எவனாவது ஒருவன் கத்தாத நாளில்லை. பாவம், அதை மென்று விழுங்கிக்கொண்டு பாடினாள்.

இந்த நிலையில் நாடே பார்க்கும் இசைவிழா ஒன்றுக்கு அழைப்பு வந்தது. ஒரு குழுவுக்கு ஒரே பாட்டு. ஏமி ஊரிலிருந்து தன் அம்மாவை வரச் சொன்னாள். அதே வாரத்தில் வசி தொலைபேசியில் வந்தான்.

“தொண்டையில கட்டி, பிள்ளை. வெட்டி எடுத்தால் குரல் இருக்காதாம். அதுக்கு முதல் ஒரே ஒரு பாட்டு. நீ தந்த வாக்கைத்தான் கேக்கிறன்.”

தர்ஷிகாவுக்கு உலகமே நின்றுபோயிற்று. இருவரும் சேர்ந்து பாடலாமே என்பீர்கள். பக்கத்தில் இன்னொரு குரல் எழுந்தால் தன் பாட்டு தனக்கே கேட்காத அளவுக்கு வசியின் குரல் தேய்ந்திருந்தது. அவனுக்கு மைக்கைக் கொடுத்தால் ஏமிக்குத் துரோகம். கொடுக்காவிட்டால், இனி ஒருபோதும் பாட முடியாதவனுக்குத் துரோகம். இருவரிடமும் உண்மையைச் சொன்னாள். வசியை விழாவுக்கு வரவும் சொன்னாள். என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

விழா நாள். மேடையில் ஏமி மைக்கின் முன்னால் நின்றாள். வசி ஓரத்தில் நின்றான். குச்சிகளைத் தட்டிப் பாட்டைத் தொடங்க வேண்டிய தர்ஷிகா எழுந்துவிட்டாள். இனி அந்த இருக்கையில் உட்காருவதில்லை என்று முடிவு செய்தே எழுந்தாள். ‘டிரம்ஸில் உட்கார்ந்திருக்கும்வரை’ என்று ஏமிக்குக் கொடுத்த சொல்லை, ஒரு பாட்டுக்கு மட்டும் எழுந்து நின்று ஏய்க்கும் தந்திரம் அவளுக்குப் பிடிக்கவில்லை. குச்சிகளை இருக்கையில் வைத்துவிட்டு, வசியைக் கைப்பிடித்து அழைத்துவந்தாள். ஏமியிடம் மைக்கைக் கேட்க வாயெடுத்தாள்.

கேட்க வேண்டியிருக்கவில்லை. ஏமி அதற்குள் மைக்கைக் கழற்றி வசியின் கையில் வைத்துவிட்டாள். அவள் அம்மா முன்வரிசையில்தான் இருந்தாள்.

வசி பாடினான். டிரம்ஸ் இல்லாததால் அந்த மெலிந்த குரல் அரங்கம் முழுக்கக் கேட்டது. மூன்றாம் அடியை இந்த முறையாவது பிசகில்லாமல் பாட வேண்டுமென்று மூச்சைப் பிடித்துப் பாடினான். கூட்டமோ அதை அடைப்போடு பாடியது. வசி திகைத்து நின்றான். என்றைக்கோ பிடித்த தடிமன் இத்தனை தொண்டைகளிலா! அதை அவர்களுக்குப் பழக்கியது யார் என்று புரிந்ததும் கண்ணீர் பொங்கியது. மைக்கை ஏமியிடம் திருப்பிக் கொடுத்தான்.

“போன அன்றைக்கே பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டிய பாட்டு. மிச்சத்தை நீ பாடு. நான் பக்கத்திலேயே இருக்கிறேன்” என்றான்.

தர்ஷிகா தன் இருக்கையை விட்டாள். ஏமி தன் மைக்கை விட்டாள். வசி தன் வாழ்வின் கடைசிப் பாட்டைப் பாதியில் விட்டான். இந்த மூவரில் உண்மையாகவே விட்டுக்கொடுத்தது யார்?

விடை: ஏமி. யோசிக்காமல் இரண்டு வாக்குக் கொடுத்தவள் தர்ஷிகா. அவள் எழுந்தது தன் தவறுக்குத் தானே செலுத்திய விலை. வசி மைக்கைத் திருப்பித் தந்தது, போகும்போது செய்யாமல் விட்ட கடமை. ஏமி யாருக்கும் வாக்குக் கொடுத்தவள் அல்ல, யாருக்கும் கடன்பட்டவளும் அல்ல. அவளுக்கு யாரும் பாட்டைச் சொல்லிக்கூடத் தரவில்லை. முழுக்கத் தனக்கே உரியதை, கேட்பதற்கு முன்பே எடுத்துக் கொடுத்தவள் அவள் ஒருத்திதான். இந்தத் தீர்ப்பு என்னுடையதல்ல, தர்ஷிகா சொன்னது. தன் இடத்துக்கு வந்த பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்து, எல்லாப் பாட்டையும் சொல்லிக்கொடுத்து முடித்த அன்று, அவளிடம் சொல்லிவிட்டுப் போனாள்.