சப்பரத்தில் உப்பும் மிளகும்

அந்தக் காலத்தில் ஆடுகளுக்குப் பேச்சு இருந்தது, வெட்கம் மட்டும் இல்லை. இன்றைக்குப் பேச்சு போய்விட்டது. மற்றபடி ஒரு மாற்றமும் இல்லை.

அப்போது கடற்கரையோரம் ஓர் ஊரில், அந்தோணியார் திருவிழாவுக்குச் சப்பரமாலை கட்டுவது தோட்டக்காரர்களின் உரிமை. உப்பளத்துக்காரர்கள் எத்தனையோ வருஷமாகக் கேட்டுப் பார்த்தார்கள். "ஒங்க மண்ணுல ஒரு புல்லு உண்டா? ஒங்களுக்கு எதுக்கு மாலை?" என்று ஊர்த்தலைவர் சவரிராயன் வாயை அடைத்துவிடுவார். அந்த வருஷம் பங்குச் சாமியார் குறுக்கே வந்து, ஒருமுறை அவர்களும் கட்டட்டும் என்றார். உப்பளத்துக் குருசம்மாளுக்குக் கால் தரையில் பாவவில்லை. வெளியூர்ச் சந்தையிலிருந்து மல்லிகையும் சம்பங்கியும் வரவழைத்துக் கட்டி, சப்பரத்தில் நின்ற அந்தோணியார் சுரூபத்துக்குச் சாத்தி, சாயங்காலம் பவனி புறப்படும்வரை தானே காவலுக்கு நின்றாள். இதில் ஒரு குறை வந்தால் அவளுடைய ஆட்கள் இனி மாலைப் பேச்சே எடுக்க முடியாது.

பக்கத்திலேயே அசனத்துக்கு, ஊருக்கெல்லாம் போடும் விருந்துக்கு, சமையல் நடந்துகொண்டிருந்தது. குருசம்மாள் தண்ணீர் குடிக்கத் திரும்பிய நேரம் பார்த்து நேர்ச்சைக் கிடா வந்து சேர்ந்தது. அந்தோணியாருக்கென்று நேர்ந்துவிட்ட கிடா என்பதால் ஊரில் யாரும் அதன்மேல் கை வைப்பதில்லை. அந்தச் செல்லத்தில் நன்றாகக் கொழுத்திருந்தது. அவள் திரும்புவதற்குள் பாதி மாலை அதன் வாயில்.

"ஏல, அது அந்தோணியாருக்குக் கட்டுனதுலே."

"நானும் அந்தோணியாருக்கு விட்டதுதான யக்கா," என்றது கிடா, மென்றுகொண்டே. "நாங்க ஒரே வீட்டுக்காரங்க. நீ எதுக்கு ஊடால வாரே?"

அடிக்கவும் முடியாது. உப்பளத்துப் பெண்களுக்குக் காக்கை வந்தாலும் நாய் வந்தாலும் கை முதலில் உப்புக்குத்தான் போகும். குருசம்மாள் யோசிக்காமல் அசனத்துக்கு வைத்திருந்த உப்புக் கூடையிலிருந்து இரண்டு கை அள்ளி வீசினாள். ஆட்டை உப்பால் விரட்டப் பார்த்த முதல் ஆள் அவளாகத்தான் இருப்பாள். கிடா சப்பரத்தில் விழுந்த உப்பை நக்கிப் பார்த்து, கண்ணை மூடி ரசித்தது.

"எல்லாரும் வாங்க. இங்க உப்பும் போடுதாங்க," என்று குரல் கொடுத்தது.

ஊர் ஆடுகள் அத்தனையும் வந்துவிட்டன. மாலையில் நார்கூட மிஞ்சவில்லை. சுரூபத்தின் காலையே நக்க ஆரம்பித்தபோது குருசம்மாளுக்கு அழுகை முட்டியது. கறிக்கு இடித்துவைத்திருந்த மிளகைச் சுளகோடு தூக்கி வீசினாள்.

அப்புறம் தும்மல்தான். கிடா ஒன்பது தும்மல் தும்மி, "உப்புப் போட்ட கையால இப்பிடியும் செய்வியா?" என்று கேட்டுவிட்டு, பத்தாவதைத் தும்மிக்கொண்டே ஓடியது.

சத்தம் கேட்டு ஊர் கூடியது, சாமியாரும் வந்தார். சவரிராயன் மாலையில்லாத சுரூபத்தைப் பார்த்தார். "நான் அப்பமே சொன்னேன் சாமி," என்றார்.

குருசம்மாள் ஏதாவது சாக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"மாலைய ஆடு தின்னுட்டு சாமி. நான்தான் பாத்துக்கிடல. ஆனா அது சந்தையில வாங்குன பூவு. எங்க மண்ணுல வெளையுறது உப்பு. அது சப்பரத்துல இருக்கு. வேண்டாம்னா தொடச்சிருதேன்."

சாமியார் பதில் சொல்ல வாயைத் திறந்தார். மிளகு நெடி ஏறித் தும்மினார். அடுத்துச் சவரிராயன் தும்மினார். அப்புறம் ஊரே தும்மியது. தும்மலோடு சிரிப்பும் சேர்ந்துகொண்டால் கோபத்துக்கு அங்கே என்ன வேலை? சாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கூடையிலிருந்து ஒரு பிடி உப்பை அள்ளிச் சப்பரத்தில் போட்டார். உப்பளத்துக்காரர்கள் போட்டார்கள். தோட்டக்காரர்களும் போட்டார்கள். கடைசியில் சவரிராயன் வந்தார். வெறும் உப்பென்றால் ஆடு திரும்பி வந்துவிடும் என்று மிளகையும் அவரே சேர்த்துப் போட்டார். குருசம்மாள் அப்போதுதான் மூச்சு விட்டாள்.

சப்பரம் தெருவுக்கு வந்ததும் உப்பையும் மிளகையும் ஒன்றாக அள்ளிப் போடுகிற வழக்கம் அப்படிப் பிறந்ததுதான். இப்போது அதைப் பொட்டலமாகக் கட்டிக் கோயில் வாசலில் விற்கிறார்கள். துபாயில் இருக்கும் மகனுக்காகவும் தாய் இங்கே ஒரு பிடி போடுகிறாள். எந்தப் பிடி தோட்டக்காரர் போட்டது, எந்தப் பிடி உப்பளத்துக்காரர் போட்டது என்று, அன்று முதல் எந்தச் சப்பரத்தைப் பார்த்தும் யாராலும் சொல்ல முடிந்ததில்லை.