ராத்திரியே வராத மைனா

அல்லிக்குளத்தில் இரண்டு கூழைக்கடாப் பறவைகள் இருந்தன. ஒவ்வொன்றின் அலகுப் பையிலும் ஏழு பேர் தாராளமாக உட்காரலாம். எட்டாவது ஆளை மடியில் வைத்துக்கொள்ளலாம். இதைப் பார்த்த நரி, கடலுக்கு அப்பால் இருக்கும் தீவுக்குப் பறவைச் சவாரி விட ஆரம்பித்தது.

கூழைக்கடாக்கள் முறை வைத்துப் பறந்தன. ஆனால் பயணிகளைக் கவனிக்க மஞ்சமூக்கி என்ற ஒரே மைனாதான். வாலை மடக்கி உட்காரச் சொல்ல வேண்டும், வறுத்த தட்டான் கொடுக்க வேண்டும், சிரிக்க வேண்டும். தரை இறங்கியதும் உள்ளிருந்து மூன்று கொத்து கொத்தினால் கூழைக்கடா வாயைத் திறக்கும். நடுவானில் கொத்தினால் அத்தனை பேரும் கடலில்!

ஒருநாள் மைனா நரியிடம் வந்தது.

"அண்ணாச்சி, நான் தூங்கி ஒன்பது நாளாச்சு! நேற்று வீட்டுக்காரரைப் பார்த்து, 'வாலை மடக்கி உட்காருங்க சார்'னு சொல்லிட்டேன்!"

"அவர் மடக்கினாரா?"

"மடக்கினார். தட்டானும் கேட்டார்!"

"பிறகென்ன குறை? இங்கே இருட்டும்போது கிளம்புகிறாய். அங்கே போனால் பகல். அங்கே இருட்டும்போது திரும்புகிறாய். இங்கே பகல். உனக்குத்தான் ராத்திரியே வரவில்லையே! பகலில் தூங்குகிறவர்கள் சோம்பேறிகள், தெரியுமா?"

"கொட்டாவி வருதே அண்ணாச்சி!"

"சிரித்துக்கொண்டே விடு!"

மறுநாள் நரியே தீவுக்குப் பெண் பார்க்கக் கிளம்பியது. கூட நாலு தவளைகள், இரண்டு ஆமைகள். பாதிக் கடல் தாண்டியதும் மைனா கண்ணைத் திறந்தபடியே தூங்கிவிட்டது. வாய் மட்டும் தேனாகப் பேசியது.

"நல்லபடியாக வந்து சேர்ந்தோம்! சாமான்களை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்!"

டொக்!

"அடியே, கீழே கடல்! கொத்தாதே!" என்று நரி அலறியது.

"அவசரப்படாதீங்க ஐயா, முதலில் உங்களையே இறக்கிவிடுறேன்."

டொக்!

"மஞ்சமூக்கி, முழிச்சுக்கோ! தூங்குகிறாய்!"

"தூங்குறதா? எனக்குத்தான் ராத்திரியே வரலையே!"

டொக்!

கூழைக்கடா வாயைத் திறந்தது. எல்லாரும் தொப்புத் தொப்பென்று கடலில் விழுந்தார்கள். தவளைகளும் ஆமைகளும் நீந்தின. நீச்சல் தெரியாத நரி நாலு வாய் உப்புத் தண்ணீர் குடித்த பிறகு, ஓர் ஆமை அதை முதுகில் ஏற்றிக்கொண்டது. மைனா தள்ளாடிப் பறந்து வந்து நரியின் தலையில் உட்கார்ந்து குறட்டை விட்டது.

"தலையை ஆட்டி எழுப்பிவிடுங்க ஐயா!" என்றது ஆமை.

"உஸ்ஸ்! சத்தம் போடாதே!" என்று நரி கழுத்தை அசைக்காமல் முணுமுணுத்தது. "அரைத் தூக்கத்தில் எழுந்தால், என்னை உன் முதுகிலிருந்தும் இறக்கிவிடுவாள்! எத்தனை நாளானாலும் தூங்கட்டும்!"

தன்னிடம் வேலை செய்பவரின் தூக்கத்தைப் பறிப்பவன், தன் உயிரையே தூக்கக் கலக்கத்தின் கையில் ஒப்படைக்கிறான்.