நாரை கொண்டுபோன பதில்

"நம்ம நாரை வெளியுறவு மந்திரிதான், ஒத்துக்கறேன். உள்ளே அதுக்கு ஏதாவது உறவு இருக்கா?"

குளத்துச் சேற்றில் ஒரு தவளை இன்னொரு தவளையிடம் இப்படிக் கேட்டுச் சிரித்தது. மேலே கிளையில் நின்ற நாரையின் காதில் அது விழுந்துவிட்டது. நாரைக்குச் சுருக்கென்றது. ஏழு காடுகளின் பேச்சு அதற்குத் தெரியும். போன இடமெல்லாம் மரியாதை. சிங்க ராஜாவின் சபையில் வலப்பக்கத்து உயர்ந்த பாறை அதனுடையது. சேற்றுத் தவளைக்கு என்ன தெரியும்!

ஆனால் குளம் வற்றிக்கொண்டிருந்தது. கூட்டில் குஞ்சுகள் மீன் கேட்டுக் கத்தின. மலைமேல் யானைகள் மரங்களைத் தள்ளி ஓடையை மறித்து வைத்திருந்தன.

நாரை மலைக்குப் பறந்தது.

"மரங்களை எடுத்துவிடுகிறோம், தாயே," என்றது யானைத் தலைவி. "இந்தக் கோடைக்கு மட்டும் உங்கள் மூங்கில் காட்டில் எங்களை மேயவிட உங்கள் ராஜா சம்மதிப்பாரா? கேட்டுச் சொல்."

"நான் சொன்னால் அவர் தட்டமாட்டார்!" என்றது நாரை.

சபை கூடியது. நாரை தன் பாறையில் நின்று நீளமாகப் பேசியது. கரடி மந்திரி கொட்டாவி விட்டது. நரி மந்திரி வாலை நீவிக்கொண்டது. சிங்கம் கண்ணை மூடி, தலையை ஒருபக்கம் சாய்த்துக் கொடுத்திருந்தது. அதன் பிடரியில் உட்கார்ந்து ஓர் உண்ணிக்கொக்கு உண்ணி பொறுக்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பதவி கிடையாது. சபையில் யாரும் அதைப் பொருட்படுத்தியதும் இல்லை.

நாரை பேசி முடித்தது.

"பார்க்கலாம்," என்றது சிங்கம்.

நாரை பூரித்துப்போனது. அப்போதே மலைக்குத் திரும்பிப் பறந்தது. "ராஜா 'பார்க்கலாம்' என்றுவிட்டார்!"

"அடடா! நேரில் பார்க்கலாம் என்கிறாரா! மரியாதை தெரிந்த ராஜா!" என்று மகிழ்ந்தது யானைத் தலைவி.

யானைகள் மரங்களை இழுத்துப் போட்டன. ஓடை பாய்ந்தது. அதன் கூடவே யானைக் கூட்டமும் இறங்கி வந்தது.

மூங்கில் முறியும் சத்தம் கேட்டுச் சிங்கம் துள்ளி எழுந்தது. "யாரைக் கேட்டு வந்தார்கள்?"

"தாங்கள்தானே 'பார்க்கலாம்' என்றீர்கள்..." என்று இழுத்தது நாரை.

கரடிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அடி நாரை! ராஜா 'பார்க்கலாம்' என்றால் 'முடியாது' என்று அர்த்தம்! நம் காட்டு முயல்குட்டிக்குக்கூடத் தெரியுமே!"

"பாவம், விடுங்கள். ஏழு காட்டுப் பேச்சையும் படித்தவளுக்கு நம் பேச்சைப் படிக்க நேரம் இருந்திருக்காது!" என்றது நரி.

"யானைகளை விரட்டுங்கள்!" என்று சிங்கம் கர்ஜித்தது. "கூடவே இந்த நாரையையும்!"

நாரை மலைப்பக்கம் திரும்பிப் பார்த்தது. யானைகள் கோபித்துத் திரும்பினால் ஓடை மறுபடியும் அடைபடும். குஞ்சுகளின் கதி?

"ராஜா, ஆடாதீங்க!" என்றது உண்ணிக்கொக்கு, சிங்கத்தின் காதுக்குள் அலகை விட்டபடி. "உண்ணி உள்ளே போயிடப் போகுது. யானைங்க இருந்துட்டுப் போகட்டுமே! அதுங்க நடந்தா புல்லுக்குள்ளேயிருந்து வெட்டுக்கிளி கிளம்பும். நான் வெட்டுக்கிளி தின்னு எவ்வளவு நாளாச்சு!"

சிங்கம் சற்று யோசித்தது. காது சுகமாக இருந்தது.

"யானைகள் இருக்கட்டும்," என்றது. "நாரையின் ராஜதந்திரத்தைப் பாராட்டி, அதன் பாறையை இன்னும் ஒரு முழம் உயர்த்துங்கள்!"

சபை ஆரவாரித்தது. எல்லோரையும்விட உரக்க வாழ்த்தியவை கரடியும் நரியும்தான். நாரை தலை வணங்கியது.

மறுநாள் சபை கூடியபோது, உயர்த்திய பாறை வெயிலில் காலியாகக் கிடந்தது. நாரை சிங்கத்தின் இன்னொரு காதருகே குனிந்து நின்று, உண்ணி தேடிக்கொண்டிருந்தது.

பதவியை அரசன் தருவான். செல்வாக்கோ அவன் காதருகே இருப்பவரிடமே தங்கும்.